வளைவில் உரசியது எது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 43. 350 சிசி பைக் வைத்திருக்கிறேன். மாமனார் வீடு கொல்லிமலையில் இருப்பதால் அடிக்கடி மலையேற வேண்டியிருக்கிறது. போன வாரம் மனைவியைப் பின்னால் உட்காரவைத்து (ஒருபக்கமாகத்தான் உட்காருவார்) மேலே போகும்போது, இடப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவில் ‘கர்ர்ர்’ என்று சத்தம். ஃபுட்ரெஸ்ட் தரையில் உரசியிருக்கும் என்று நினைக்கிறேன். வண்டியை யாரோ அடியிலிருந்து லேசாகத் தூக்கியது போலிருந்தது. விழவில்லை. ஆனால் அன்றிலிருந்து வளைவைக் கண்டாலே கை இறுகிவிடுகிறது. உட்பக்க ஃபுட்ரெஸ்டை அழுத்தி மிதித்து, பந்தய வீரர்கள் மாதிரி உடம்பைச் சீட்டிலிருந்து இறக்க வேண்டும் என்கிறார் ஒரு நண்பர். வெளிப்பக்க ஃபுட்ரெஸ்டைத்தான் மிதிக்க வேண்டும் என்கிறார் இன்னொருவர். மெக்கானிக்கிடம் சொன்னால் சிரிக்கிறார். யார் சொல்வது சரி? நான் இனி மலையில் வண்டி ஓட்டலாமா?
– கே.எஸ்., இராசிபுரம்.

பதில்: தாராளமாக ஓட்டலாம், கே.எஸ். உங்கள் வண்டியில் பெரிய கோளாறு இருப்பதாகத் தெரியவில்லை. வளைவில் ஏதோ ஒன்று தரையைத் தொடுவது, ‘இதற்கு மேல் சாய்க்காதே’ என்று வண்டி கொடுக்கும் எச்சரிக்கை. அதைக் கேட்டு நீங்கள் பயந்தது நியாயம்தான். சிரித்த மெக்கானிக்கைவிட நீங்கள் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொண்டிருக்கிறீர்கள்.

உங்கள் கடிதத்தில் சத்தத்தைவிட என்னை யோசிக்கவைத்தது ‘லேசாகத் தூக்கியது போலிருந்தது’ என்ற வரி. ஓட்டுபவர் கால் வைக்கும் ஃபுட்ரெஸ்டை விரலால் மேல்நோக்கித் தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் அது கீல் வைத்த கதவு போல மடங்கும். தரையில் பட்டால் மடங்கிக்கொள்ளட்டும் என்பதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள். சில வண்டிகளில் அதன் நுனிக்கு அடியில் ஒரு சிறு போல்ட் நீட்டிக்கொண்டிருக்கும். முதலில் தரையைத் தொட்டுச் சத்தம் கொடுப்பதுதான் அதன் வேலை. ‘இது எதற்கு, அசிங்கமாக இருக்கிறது’ என்று சிலர் கழற்றிவிடுகிறார்கள். அதைச் செய்யாதீர்கள். இப்படி மடங்கக்கூடிய ஒன்று உரசினால் சத்தம் வரும், காலில் அதிர்வு தெரியும், ஆனால் வண்டி தூக்காது. தூக்கியது என்றால், மடங்காத ஏதோ ஒன்று தரையில் ஊன்றியிருக்கிறது. அப்போது வண்டியின் பாரத்தில் ஒரு பங்கு டயரைவிட்டு அந்த இரும்புக்குப் போய்விடும். இன்னும் கொஞ்சம் சாய்த்திருந்தால் பின் டயர் பிடி விட்டு வழுக்கியிருக்கும்.

அது எதுவென்று நீங்களே கண்டுபிடிக்கலாம். பகல் வெளிச்சத்தில் வண்டியைச் சென்டர் ஸ்டாண்ட் போட்டு நிறுத்தி, இடப்பக்கம் தரையோடு குனிந்து பாருங்கள். சைடு ஸ்டாண்ட், சென்டர் ஸ்டாண்டைக் காலால் அழுத்தும் கம்பி, சாரி கார்டோடு சேர்ந்த லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் மூன்றும் பெரும்பாலும் இந்தப் பக்கத்தில்தான் இருக்கும். எதன் விளிம்பில் கறுப்புப் பெயின்ட் போய்ப் புதிதாகப் பளபளக்கிறதோ, அதுதான் ஆள். விரலால் தடவினால் கீறலில் சொரசொரப்பு தெரியும். என் சந்தேகம் லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் மேல். ஒருபக்கமாக உட்காருபவரின் இரண்டு காலுக்கும் இடம் வேண்டுமென்று அந்தத் தகட்டைத் தாழ்வாகவும் வெளியே நீட்டியும் வைத்திருப்பார்கள். வெளிக்கடையில் வாங்கி மாட்டியதாக இருந்தால் பெரும்பாலும் மடங்காது. அதுதான் உரசியிருக்கிறது என்றால் மடங்கும் வகையாக மாற்றச் சொல்லுங்கள், அல்லது உயர்த்திப் பொருத்தச் சொல்லுங்கள். கோபத்தில் சாரி கார்டையே கழற்றிப் போட்டுவிடாதீர்கள். பின்னால் உட்காருபவரின் துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் காப்பு வேண்டும் என்பது 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123-ஆவது விதி. சேலை முந்தானை சக்கரத்தில் சிக்கிய விபத்துகளைப் பார்த்தவர்கள் அந்த விதியைக் குறை சொல்ல மாட்டார்கள்.

இத்தனை நாள் உரசாதது அன்று மட்டும் ஏன் உரசியது? முதல் காரணம் பாரம். இருவரும், மாமனார் வீட்டுக்குக் கொண்டுபோகும் பையும் சேர்ந்தால் பின்பக்க ஸ்பிரிங் நன்றாக அமுங்கும். தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி அந்த அளவுக்குக் குறையும். இரட்டை ஷாக் அப்சார்பர் உள்ள வண்டிகள் பெரும்பாலானவற்றில் ஸ்பிரிங்குக்குக் கீழே படிப்படியாக வெட்டிய ஒரு வளையம் இருக்கும். அதைத் திருப்பி மாற்றுவதைத்தான் பிரீலோடு (பாரம் ஏறும் முன்பே ஸ்பிரிங்கை எவ்வளவு இறுக்கி வைப்பது என்ற அளவு) வைப்பது என்பார்கள். தனியாகப் போகும்போது தாழ்ந்த படி, இருவர் போகும்போது ஒன்றிரண்டு படி மேலே. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்க வேண்டும். பின் டயரின் காற்றையும் இருவருக்கான அளவுக்கு வையுங்கள். வண்டியோடு வந்த கையேட்டில் அந்த அளவு இருக்கும்.

இரண்டாவது காரணம் சாலை. நாம் இடப்பக்கம் ஒதுங்கி ஓட்டுகிறவர்கள். அதனால் இடப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் நம் பாதை உள்விளிம்பை ஒட்டிச் சுருங்கிவிடும். வலப்பக்க வளைவில் வெளிவட்டம் நமக்குக் கிடைக்கும். அதே வேகத்தில் போனாலும் இடது வளைவில் அதிகம் சாய்க்க வேண்டிவருவது இதனால்தான்.

மூன்றாவது காரணம் வேகம். மற்ற இரண்டையும் இது விழுங்கிவிடும். கணக்கு எளிதுதான். உள்வளைவின் ஆரம் 10 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் திரும்ப வண்டி சுமார் 18 டிகிரி சாய வேண்டும். 25 கி.மீ. என்றால் சுமார் 26 டிகிரி. 30 கி.மீ. என்றால் 35 டிகிரியைத் தொட்டுவிடும். டயரின் அகலத்தால் உண்மையில் இன்னும் கொஞ்சம் கூடும். சாய்வு வேகத்தின் கூடவே ஒரே சீராக ஏறுவதில்லை, வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி ஏறுகிறது. தாழ்வான, கனமான வண்டியில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது 20 கி.மீ.க்கும் 30 கி.மீ.க்கும் உள்ள அந்தச் சின்ன வித்தியாசம்தான் சத்தமில்லாமல் போவதற்கும் உரசுவதற்கும் உள்ள வித்தியாசம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு ஏற 70 வளைவுகள். ஒவ்வொன்றிலும் 5 கி.மீ. குறைத்தாலும் மொத்தப் பயணத்தில் உங்களுக்குப் பெரிய நஷ்டம் ஒன்றும் வராது.

இனி ஃபுட்ரெஸ்ட் சண்டைக்கு வருகிறேன். உங்கள் நண்பர்கள் இருவரும் எங்கோ கேட்ட பாதி உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருவரும் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள்: மோட்டார் சைக்கிளை வளைவுக்குள் சாய்ப்பது கால் அல்ல, கை. நடை வேகத்தைத் தாண்டி ஓடும் இருசக்கர வாகனத்தை இடப்பக்கம் சாய்க்க, இடது கைப்பிடியை லேசாக முன்னோக்கித் தள்ள வேண்டும். இதற்குக் கவுன்ட்டர் ஸ்டீயரிங் (போக வேண்டிய பக்கத்துக் கைப்பிடியைத் தள்ளிச் சாய்ப்பது) என்று பெயர். கேட்பதற்கு முரணாகத் தோன்றும், ஆனால் நீங்கள் சைக்கிள் பழகிய நாளிலிருந்து தெரியாமலே இதைத்தான் செய்கிறீர்கள். விமானம் செய்த ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை நடத்தியவர்கள். அவர்களில் மூத்தவரான வில்பர், சைக்கிள் ஓட்டத் தெரிந்தவர்களிடமே ‘எப்படித் திரும்புகிறீர்கள்’ என்று விசாரித்துப் பார்த்து, ஒருவரும் நடப்பதைச் சரியாகச் சொல்லவில்லை என்று பதிவு செய்திருக்கிறார். நூறு ஆண்டுக்கு மேலாகியும் டீக்கடை விவாதம் அங்கேயே நிற்கிறது.

உடம்பாலும் ஃபுட்ரெஸ்டாலும் மட்டுமே வண்டியைத் திருப்ப முடியுமா என்று நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் கலிஃபோர்னியா சூப்பர்பைக் ஸ்கூலை நிறுவிய கீத் கோட் ஒரு வண்டியில் இரண்டாவதாக ஒரு ஹேண்டில்பாரை ஃபிரேமோடு அசையாமல் பொருத்தினார். ஆக்சிலரேட்டர் அதிலேயே உண்டு. அதைப் பிடித்துக்கொண்டு ஃபுட்ரெஸ்டை எவ்வளவு மிதித்தாலும், உடம்பை எவ்வளவு தொங்கவிட்டாலும் வண்டி ஒரு பக்கமாக மெல்ல ஒதுங்கியதே தவிர, சொன்ன இடத்தில் திரும்பவில்லை. கொல்லிமலை வளைவில் மெல்ல ஒதுங்கும் வண்டியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

‘மிதித்தால் பாரம் கீழே இறங்கி வண்டி நிலையாகும்’ என்றும் யாராவது சொல்வார்கள். உங்கள் உடம்பு இருக்கும் இடம் மாறாதவரை, பாரத்தைச் சீட்டில் வைத்தாலும் ஃபுட்ரெஸ்டில் வைத்தாலும் ஈர்ப்பு மையம் (மொத்த எடையும் குவிந்திருப்பதாகக் கருதப்படும் புள்ளி) அதே இடத்தில்தான் இருக்கும். குண்டும் குழியுமான சாலையில் ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று ஓட்டினால் சுகமாக இருப்பதற்குக் காரணம் வேறு. முழங்கால் மடங்கி நிமிர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் காலுக்கு வேலையே இல்லையா என்றால், முக்கியமான வேலை இருக்கிறது. உங்கள் உடம்பைத் தாங்கிப் பிடித்து, கையை விடுவித்துக் கொடுப்பதே அந்த வேலை. இறக்கத்தில் பிரேக் போட்டதும் உடம்பு முன்னால் சரிகிறது. காலும் தொடையும் தாங்கவில்லை என்றால் முழுப் பாரமும் உள்ளங்கைக்கு வந்து கை விறைத்துவிடும். விறைத்த கை இரண்டு கைப்பிடியையும் ஒரே நேரத்தில் தள்ளும், அப்போது ஹேண்டில்பார் எந்தப் பக்கமும் போகாது. கை இறுகுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்கு மருந்து காலில் இருக்கிறது.

வளைவின் வெளிப்பக்கத்துக் காலை, அதாவது இடப்பக்க வளைவில் வலது காலை, ஃபுட்ரெஸ்டில் நன்றாக ஊன்றி, தொடையையும் முழங்காலையும் பெட்ரோல் டேங்கில் அழுத்திக்கொள்ளுங்கள். உடம்பு அங்கே பூட்டிக்கொள்ளும். முழங்கை தானாக மடியும். ‘வெளிப்பக்கத்தை மிதி’ என்ற நண்பர் சொன்னதில் பயனுள்ள பகுதி இதுதான். மண் சாலையில் ஓட்டுபவர்களும், மைதானத்தில் மிகக் குறுகிய வட்டம் அடிப்பவர்களும் வெளிப்பக்கத்தை மிதித்து, தாங்கள் நிமிர்ந்திருந்து வண்டியை மட்டும் சாய்ப்பார்கள். அது அந்த இடத்துக்கு உரிய வித்தை. தார்ச்சாலையில் ஏற்கெனவே உரசும் வண்டிக்கு அது ஆகாது. ஏன் என்று சொல்கிறேன்.

அதற்கு முன் பாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நம்மில் பலர் செருப்புப் போட்ட பாதத்தின் நடுக்குழியை ஃபுட்ரெஸ்டில் வைத்து, முன்பாதத்தை வெளியே விரித்துக் கீழே தொங்கவிட்டு ஓட்டுகிறோம். சாய்க்கும்போது ஃபுட்ரெஸ்டுக்கு முன்பே தரையைத் தொடுவது கட்டைவிரல்தான். வளைவுக்கு முன் கியர் மாற்றி முடித்ததும் உள்பக்கப் பாதத்தைப் பின்னுக்கு இழுத்து, விரல்களுக்குப் பின்னால் இருக்கும் சதைப்பிடிப்பான பகுதி ஃபுட்ரெஸ்டில் படும்படி வையுங்கள். குதிகால் வண்டியை ஒட்டியிருக்கட்டும். வலது காலுக்கு மட்டும் ஒரு சலுகை. இறக்கத்தில் பின் பிரேக் தேவைப்படும் என்பதால் அது பெடலுக்கு மேலேயே இருக்கலாம், பாதம் வெளியே விரியாமல் இருந்தால் போதும். செருப்புக்குப் பதில் ஷூ போடுங்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உடம்பைத் தொங்கவிடும் கதை இனி. எழுபதுகளில் பின்லாந்தின் யார்னோ சாரினென், அவருக்குப் பின் அமெரிக்காவின் கென்னி ராபர்ட்ஸ் போன்றவர்களால் பரவிய பாணி அது. ராபர்ட்ஸ் 1978 முதல் 1980 வரை தொடர்ந்து மூன்று ஆண்டு 500 சிசி உலகச் சாம்பியன். இன்றைய பந்தய வண்டிகள் 60 டிகிரிக்கும் மேல் சாய்கின்றன. அதற்கு மேல் சாய்க்க இடமில்லாத நிலையில் நொடியில் ஒரு துளியை மிச்சம் பிடிக்கத்தான் அவர்கள் தொங்குகிறார்கள். உங்களுக்கு அதில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீங்கள் 65 கிலோ, வண்டி 190 கிலோ. தனியாகப் போகும்போது உடம்பு முழுவதையும் 10 சென்டிமீட்டர் உள்ளே நகர்த்தினால், மொத்த ஈர்ப்பு மையம் இரண்டரை சென்டிமீட்டர் நகரும். வண்டியின் சாய்வில் மிச்சமாவது இரண்டரை டிகிரிக்குள். அதே மிச்சம் 25 கி.மீ. வேகத்தில் வெறும் ஒன்றரை கி.மீ. குறைத்தாலே கிடைத்துவிடும். இதற்காகச் சீட்டில் பாதி தொங்குவானேன்? பின்னால் மனைவி இருக்கும்போது அது தேவையே இல்லாத ஆபத்து.

ஆனால் இந்தக் கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்கிறது. பயந்தவர்கள் வண்டி சாயும்போது தாங்கள் சாயாமல் உடம்பை நிமிர்த்திக்கொள்வார்கள். உடம்பு வெளிப்பக்கம் இருந்தால் அதே வளைவை எடுக்க வண்டி இன்னும் அதிகம் சாய்ந்தாக வேண்டும். நான் ஏன் நிமிர்ந்து ஓட்டுவதைத் தடுத்தேன் என்பது இப்போது புரிந்திருக்கும். இதைவிட ஒன்று, உங்கள் மனைவி உட்காரும் முறை. இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்திருப்பவருக்கு, இடப்பக்கம் வண்டி சாய்ந்தால் முன்னால் குப்புற விழப்போவது போல இருக்கும். இயல்பாகவே முதுகைப் பின்னால் சாய்ப்பார். அவருக்குப் பின்னால் என்பது வண்டிக்கு வலப்பக்கம். ஆக, நீங்கள் வண்டியை உள்ளே சாய்க்க, அவர் வெளியே சாய்கிறார், இடையில் வண்டி கூடுதலாகச் சாய்ந்து அந்தத் தகடு தரையைத் தொடுகிறது. அவர் மேல் தவறில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள். மலைக்குப் போகும் நாளில் மட்டுமாவது சுடிதார் போட்டு இருபக்கமும் கால் போட்டு உட்காரச் சொல்லுங்கள். வளைவில் உங்கள் உள்பக்கத் தோளுக்கு மேலாகச் சாலையைப் பார்த்தால் போதும், உடம்பு தானே சரியான அளவு சாய்ந்துகொள்ளும். சேலைதான் கட்டுவேன் என்றால் அதுவும் அவர் உரிமை. அன்றைக்கு அரசுப் பேருந்தில் போய்விடுங்கள், மாமனார் ஒன்றும் சொல்ல மாட்டார்.

உங்கள் பங்குக்கு, வண்டியோடு சேர்ந்தே சாயுங்கள். வேண்டுமானால் முகவாயை உள்பக்கக் கண்ணாடியை நோக்கி ஒரு சாண் கொண்டுபோங்கள். சாலையில் அதற்கு மேல் தேவையில்லை. பார்வை வளைவு முடியும் இடத்தில் இருக்கட்டும். முன்சக்கரத்தையோ ஓரத்துத் தடுப்புச் சுவரையோ பார்த்தால் வண்டி அங்கேதான் போகும். பிரேக், கியர் எல்லாம் வளைவுக்கு முன்பே முடிந்துவிட வேண்டும். முதல் அல்லது இரண்டாவது கியரில், கிளட்சைப் பிடிக்காமல், ஆக்சிலரேட்டரை ஒரே அளவில் வைத்துத் திரும்புங்கள். மீண்டும் எங்காவது உரசினால் பதறி ஆக்சிலரேட்டரைச் சட்டென்று மூடவோ முன் பிரேக்கை இறுக்கவோ கூடாது. முன்பக்க ஃபோர்க் அமுங்கித் தரை இடைவெளி இன்னும் குறையும். பார்வையை மாற்றாமல், இடம் இருந்தால் வண்டியை ஒரு துளி நிமிர்த்துங்கள்.

மேலிருந்து வரும் பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொள்ளும், அதற்கு வேறு வழியில்லை. வளைவுக்கு முன் ஹாரன் அடித்து, பேருந்து தெரிந்தால் வளைவுக்கு வெளியிலேயே ஒதுங்கி நில்லுங்கள். நீங்கள் இறங்கும்போது, குறுகலான இடத்தில் ஏறிவரும் வண்டிக்கு வழிவிடுவதுதான் விதி. மழைநாளிலும், வளைவில் மணலோ ஈர இலையோ கிடந்தாலும் நான் சொன்ன எண்களையெல்லாம் மறந்துவிட்டு இன்னும் மெதுவாகப் போங்கள்.

மலைக்குப் போகும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி மைதானம் ஒன்றைப் பிடியுங்கள். 10 மீட்டர் கயிற்றின் ஒரு நுனியை நடுவில் பிடித்துக்கொண்டு சுண்ணாம்பால் அரைவட்டம் போடுங்கள். தரை கெட்டியாக, மணல் இல்லாமல் இருக்க வேண்டும். தனியாக, ஹெல்மெட், ஷூவோடு 15 கி.மீ. வேகத்தில் தொடங்கி, இடமும் வலமுமாக அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகுங்கள். கை தளர்வாக இருக்கிறதா என்று பார்க்க, திரும்பிக்கொண்டிருக்கும்போதே முழங்கையை ஒருமுறை மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். ஆடவில்லை என்றால் தொடை டேங்கைப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். இது கைவந்த பிறகு 20 கி.மீ. போதும். 25-ஐத் தாண்ட வேண்டிய அவசியம் கொண்டை ஊசி வளைவில் உங்களுக்கு வராது.

முதலில் வண்டியின் அடியில் பார்த்து, பளபளப்பது எதுவென்று எழுதுங்கள். லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் என்றால் அதை மாற்றும்வரை மனைவியோடு மலையேற வேண்டாம்.